சுழலாத பல்சக்கரம்

ஒரு நாவலைப் படித்துவிட்டு அழுதவர்களை எனக்குத் தெரியும். படித்த நாவலின் கதாபாத்திரத்தின் பெயரைப் பிறந்த குழந்தைக்கு வைத்தவர்களையும் தெரியும். கல்கியின் புண்ணியத்தில் நம் ஊரில் எத்தனையோ வந்தியத்தேவன்களும் குந்தவைகளும் பள்ளிக்கூடம் போயிருக்கிறார்கள். ஆனால் ஒரு வகை நாவலுக்கு ஏற்ற உடுப்பைத் தைத்து மாட்டிக்கொண்டு, குழந்தை குட்டிகளோடு ஓர் ஊரில் வந்து கூடி, மூன்று நான்கு நாள் அந்தக் கற்பனைக்குள்ளேயே குடியிருக்கிறவர்களை இங்கிலாந்தில் லிங்கன் நகரத்தில்தான் பார்த்தேன். அதிலும் ஒரு விசேஷம். நான் பேசிப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் அந்த நாவல்களைப் படித்திருக்கவில்லை.

ஸ்டீம்பங்க் என்பது அந்தக் கற்பனையின் பெயர். பெட்ரோலும் மின்னணுக் கருவிகளும் வராமல், நீராவியையும் பித்தளையையும் இரும்பையும் வைத்துக்கொண்டே மனிதன் ஆகாயத்தில் பறந்து, கணக்குப் போட்டு, கிரகங்களுக்கும் போயிருந்தால் உலகம் எப்படி இருக்கும் என்று கேட்பது அதன் வழக்கம். பெயர் வந்தது வேடிக்கையாகத்தான். அமெரிக்காவில் கே. டபிள்யூ. ஜெட்டர், டிம் பவர்ஸ், ஜேம்ஸ் ப்ளேலாக் என்று மூன்று நண்பர்கள் பழைய லண்டனைக் களமாக வைத்து விசித்திரக் கதைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் உலகத்தைப் பற்றி எழுதியவர்களுக்கு அப்போது சைபர்பங்க் என்று பெயர் சூட்டியிருந்தார்கள். எங்களுக்கும் ஒரு பெயர் வேண்டாமா, ஸ்டீம்பங்க் என்று வைத்துக்கொள்ளலாமே என்ற பாவனையில் 1987 ஏப்ரலில் லோகஸ் பத்திரிகைக்கு ஜெட்டர் ஒரு கடிதம் எழுதினார். கேலியாகச் சொன்னது ஒட்டிக்கொண்டது. இலக்கியத்தில் இப்படி நடப்பது புதிதல்ல.

இந்த மூவரும் எழுதியது பிரபுக்களின் லண்டனைப் பற்றி அல்ல. ஹென்றி மேய்ஹ்யூ என்ற பத்திரிகைக்காரர் 1851-ல் லண்டன் ஏழைகளைப் பற்றிப் பெரிய புத்தகம் ஒன்று வெளியிட்டார். தெருவில் கூவி விற்கிறவர்கள், சாக்கடைக்குள் இறங்கிப் பழைய இரும்பு பொறுக்குகிறவர்கள், தோல் பதனிடும் பட்டறைக்காக நாய் விட்டை சேகரிக்கிறவர்கள் எல்லோரையும் நேரில் பார்த்து, அவர்கள் வாயாலேயே பேசவைத்து எழுதியது அது. பவர்ஸும் ப்ளேலாக்கும் தங்களுக்கு வேண்டிய லண்டனை அதிலிருந்து நிறையவே எடுத்துக்கொண்டார்கள். பவர்ஸின் ‘அனுபிஸ் கேட்ஸ்’ நாவலில் (1983) கதாநாயகன் காலம் பின்னோக்கிப் போய் விழுவது பிச்சைக்காரர்களின் சங்கங்களுக்கு நடுவில். ஸ்டீம்பங்க் இலக்கியம் பிறந்தது சேற்றில் என்று சொன்னால் மிகையில்லை.

அதற்கும் முன்னால், 1971-ல், மைக்கேல் மூர்காக் ‘ஆகாயத்தின் யுத்தத் தலைவன்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு நாவல் எழுதினார். பாஸ்டபிள் என்ற ஆங்கில ராணுவ அதிகாரி 1902-ல் இந்திய எல்லைப் பக்கத்து மலைநாட்டில் காணாமல் போய் 1973-ல் விழித்தெழுகிறான். அந்த 1973-ல் மகாயுத்தங்கள் நடக்கவே இல்லை. பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் அப்படியே இருக்கிறது. ஆகாயக் கப்பல்கள் அழகாக மிதந்து போகின்றன. ஆஹா, என்ன சௌகரியமான உலகம் என்று அவன் மகிழ்கிறான். அந்தச் சௌகரியத்தை யார் சுமக்கிறார்கள் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவனுக்கு விளங்குகிறது. கடைசியில் அவன் ஏறியிருக்கும் ஆகாயக் கப்பலிலிருந்து ஓர் அணுகுண்டு விழுகிறது. விழும் இடம் ஹிரோஷிமா. சாம்ராஜ்யத்தை நினைத்து ஏங்குகிறவர்களுக்கு இதைவிடக் கசப்பான மருந்தை யாரும் கொடுத்துவிட முடியாது.

வில்லியம் கிப்ஸனும் புரூஸ் ஸ்டெர்லிங்கும் சேர்ந்து எழுதிய ‘டிஃபரன்ஸ் எஞ்சின்’ (1990) இந்த வகையில் அதிகமாகப் பேசப்பட்டது. சார்லஸ் பாபேஜ் கனவு கண்ட கணக்கு யந்திரம் அவர் காலத்திலேயே வெற்றி பெற்றிருந்தால் என்ற ஊகம்தான் கதை. துளையிட்ட அட்டைகளில் ஒவ்வொரு பிரஜையின் ஜாதகமும் அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. நாவலாக இது முழு வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். நடுவில் துரத்தலும் சண்டையுமாகக் கதை தொய்ந்து போகிறது. ஆனால் யந்திரம் யாரைக் கண்காணிக்கும் என்று கேட்கிற தைரியம் அதற்கு இருக்கிறது. பாபேஜின் வாழ்க்கையில் பிரிட்டிஷ் அரசாங்கம் பதினேழாயிரம் பவுனுக்கு மேல் செலவழித்துவிட்டு 1842-ல் கையை உதறிவிட்டது. பிறகு அவர் வரைந்துவைத்த இரண்டாவது யந்திரத்தை லண்டன் விஞ்ஞானக் காட்சிசாலையார் 1991-ல் கட்டி முடித்தார்கள். அது பிழையில்லாமல் கணக்குப் போட்டது.

இவற்றையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு, வேறு வேலையாக லண்டன் போயிருந்த ஒரு வருஷம், ஆகஸ்டு மாதக் கடைசியில் ரயிலேறி லிங்கனுக்குப் போனேன். 2009-ல் தொடங்கிய விழா அது. கீழே ரயில் நிலையம். மேலே கோட்டையும் பெரிய மாதா கோயிலும். இரண்டுக்கும் நடுவில் செங்குத்துத் தெரு என்றே பெயர் கொண்ட ஒரு தெரு. பழனிப் படியேறியவனுக்கு அது பெரிய காரியமில்லை. ஆனால் இரும்பு எலும்பு வைத்துத் தைத்த இறுக்கமான இடைக்கச்சும் தரை புரளும் பாவாடையுமாக அதே தெருவில் ஏறிக்கொண்டிருந்த அம்மாள்களைப் பார்த்தபோது மூச்சு வாங்கியது எனக்குத்தான்.

மேலே ஏறியதும் கண்ட காட்சியை வர்ணிக்காமல் இருக்க முடியாது. உயரமான கறுப்புத் தொப்பிகள். தொப்பிமேல் வெல்டிங் பட்டறைக்காரர் போடுவது போன்ற கண்ணாடிகள். முதுகில் பித்தளைக் குழாய்கள். இடுப்பில் தண்ணீர்க் குழாய் உதிரிகளைக்கொண்டு செய்த துப்பாக்கிகள். ஒரு பெரியவரின் தோளில் யந்திர ஆந்தை ஒன்று தலையைத் திருப்பிக்கொண்டிருந்தது. ஒரு கூடாரத்தில் தேநீர்ச் சண்டை நடந்தது. எதிரெதிரே இருவர் உட்கார்ந்து பிஸ்கோத்தைத் தேநீரில் ஐந்து எண்ணும் வரை முக்கி எடுக்க வேண்டும். ஊறிப்போன பிஸ்கோத்து இற்று விழாமல், யார் கடைசியில் சிந்தாமல் வாயில் போட்டுக்கொள்கிறாரோ அவருக்கே வெற்றி. இதற்கு நடுவர், விதி, ஆட்சேபணை எல்லாம் உண்டு. ஆங்கிலேயன் தன்னைத்தானே கேலி செய்துகொள்ளும்போது அவன்மேல் எனக்கு எப்போதும் பிரியம் வந்துவிடும். அங்கேயும் வந்தது.

ஆனால் பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் உறுத்தத் தொடங்கியது. எங்கும் பல்சக்கரங்கள். தொப்பியில், கைப்பையில், காதில், கழுத்தில். பழைய கடிகாரங்களைப் பிரித்து எடுத்துப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். எந்தச் சக்கரமும் எதையும் சுழற்றவில்லை. பக்கத்துச் சக்கரத்தோடு பல் கோக்கவும் இல்லை. எதற்கென்றே தெரியாத பல்சக்கரத்தை ஒட்டினால் ஸ்டீம்பங்க் ஆகிவிடுமா என்று அந்த ரசிகர்கள் தமக்குள்ளேயே கேலி பேசிக்கொள்கிறார்கள். அந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். கதை எழுதுகிறவனுக்கு இந்த உறுத்தல் பழக்கமானது. சரித்திர நாவல் என்ற பெயரில் நம்மிடம் குவிந்திருப்பவற்றில் எத்தனை அரண்மனைகள், எத்தனை யாழ்கள், எத்தனை அகில் புகைகள்! புகையை எடுத்துவிட்டால் கதைக்கு ஒன்றும் ஆகாது. ஒட்டிய சக்கரம் அது.

ஒரு மூலையில் மட்டும் சக்கரம் சுழன்றது. வயதான மனிதர் ஒருவர், வேஷம் ஏதும் இல்லை, எண்ணெய்க் கறை படிந்த நீல மேலங்கி மட்டும். ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மேஜைமேல் ஒரு முழ நீளத்துக்கு நீராவி யந்திரம் ஒன்றை ஓட்டிக்காட்டிக்கொண்டிருந்தார். பாய்லரில் எவ்வளவு அழுத்தம் தாங்கும், சேஃப்டி வால்வு எப்போது திறக்கும், பிஸ்டனுக்கு எண்ணெய் குறைந்தால் சப்தம் எப்படி மாறும் என்று அரை மணி நேரம் எனக்குச் சொன்னார். மூடியைத் திறந்தால் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரிகிற கடைசி யந்திரம் இதுதான் என்பது அவர் கட்சி. நம் கைகளில் இருக்கும் போனைத் திறந்து பார்த்தால் நமக்கு என்ன தெரியப்போகிறது? இந்த இயக்கத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. பண்ணத் தெரிந்த கைகள் மேலுள்ள ஏக்கம் அது. போலியான ஏக்கமல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கால் வராத ஒரு பெண் தன் சக்கர நாற்காலியையே ஒரு நீராவி ரதமாக மாற்றியிருந்தாள். புகைபோக்கி, பித்தளை விளக்கு, அழுத்தம் காட்டும் கடிகாரம், எல்லாம் இருந்தன. செயற்கைக் கை பொருத்திய ஒருவர் அதை மறைக்காமல் செம்பும் தோலுமாக அலங்கரித்து, எல்லாருக்கும் நீட்டிக் கை குலுக்கினார். மற்ற இடங்களில் இரக்கத்தோடு பார்வையைத் திருப்பிக்கொள்ளும் ஜனங்கள் இங்கே கிட்ட வந்து எப்படிச் செய்தீர்கள் என்று விசாரித்தார்கள். எந்த விமரிசனம் எழுதினாலும் இந்த ஒன்றைக் கணக்கில் வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும்.

என் வழக்கு வேறு. அங்கே கூடியிருந்த அத்தனை பேரும் கேப்டன், புரொபசர், பிரபு, தேச சஞ்சாரி. கரி அள்ளிப் போடுகிற ஃபயர்மேன் ஒருவரும் இல்லை. நானும் தேடித்தான் பார்த்தேன். புகைபோக்கி துடைக்கிற பையனாக ஒரு சிறுவன் முகத்தில் மையைப் பூசிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். மேய்ஹ்யூவின் சேற்றிலிருந்து புறப்பட்ட இலக்கியம் மேடைக்கு வரும்போது குளித்துவிட்டு வந்திருக்கிறது. நீராவி இருக்கிறது, கரி இல்லை. சாம்ராஜ்யத்தின் சிவப்புக் கோட்டு இருக்கிறது, சாம்ராஜ்யம் இல்லை. வெயில் தொப்பி வைத்த ஒருவரிடம் நீங்கள் எந்தத் தேசத்தில் வேட்டையாடுகிறவர் என்று கேட்டேன். இந்தியாவில் என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சிறிது கூசினார். நல்ல மனிதர்.

அவரிடம் நான் வாதாடவில்லை. ஆனால் எனக்கு ஞாபகம் வந்தது தாது வருஷம். 1877 ஜனவரி முதல் தேதி டில்லியில் தர்பார் கூட்டி விக்டோரியாவைச் சக்கரவர்த்தினி என்று அறிவித்தபோது சென்னை ராஜதானியில் பஞ்சம் தலைவிரித்தாடிக்கொண்டிருந்தது. அந்த வருஷத் தொடக்கத்தில்தான் சர் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக் கூலியை ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் என்று குறைத்தார். ரயில் பஞ்சப் பிரதேசத்துக்குத் தானியம் கொண்டுவந்தது வாஸ்தவம். விலை கூடுதலாகக் கிடைத்த இடத்துக்குத் தானியத்தை எடுத்துக்கொண்டு போனதும் ரயில்தான். இந்தியாவிலிருந்து கோதுமை அந்த வருஷங்களிலும் கப்பலேறிக்கொண்டே இருந்தது. சென்னையில் நாம் பார்க்கிற பக்கிங்காம் கால்வாயில் ஒரு பகுதி அந்தப் பஞ்சக் கூலிகள் வெட்டியது. பெயர் மட்டும் அப்போதைய கவர்னருடையது. நீராவி யுகம் என்றால் ஒருவருக்குப் பித்தளையின் பளபளப்பு நினைவு வருகிறது; இன்னொருவருக்குத் தாது வருஷக் கும்மிப் பாட்டு நினைவு வருகிறது.

லிங்கனுக்கே இந்த மறதி பொருந்தாது என்பதுதான் வேடிக்கை. விழாவுக்கு ‘அசைலம்’ என்று பெயர். பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று அர்த்தம். ஆரம்ப வருஷங்களில் அது நடந்த லான் என்ற கட்டிடம் 1820-ல் மனநோயாளிகளுக்காகத் திறக்கப்பட்டது. தோல் வாரும் இரும்புக் கொக்கியும் போட்டு நோயாளிகளைக் கட்டிவைக்கும் வழக்கத்தை 1838 வாக்கில் அடியோடு ஒழித்தவர்கள் அங்கே வேலை பார்த்த வைத்தியர்கள். உலகம் முழுவதும் பின்பற்றிய சீர்திருத்தம் அது. இன்று அதே ஊரில் அலங்காரத்துக்காகத் தோல் வாரையும் கொக்கியையும் உடம்பெங்கும் பூட்டிக்கொண்டு நடக்கிறார்கள். பாபேஜுக்கு அடுத்தபடியாக கம்ப்யூட்டர் உலகம் வணங்க வேண்டிய ஜார்ஜ் பூல், ஒரு செருப்புத் தைப்பவரின் மகன், 1815-ல் இந்த ஊரில்தான் பிறந்தார். அவர் வேஷத்தில் ஒருவரையும் நான் காணவில்லை. கதிரடிக்கும் யந்திரமும் நீராவி வண்டியும் செய்துகொண்டிருந்த ஃபாஸ்டர் கம்பெனி 1915-ல் இந்த ஊரிலேதான் முதல் டாங்கியைச் செய்தது. அதற்கான படங்களை மாதா கோயிலுக்குப் பக்கத்தில் உள்ள ஒயிட் ஹார்ட் ஹோட்டலில் ஓர் அறையில் உட்கார்ந்து தயாரித்தார்கள். 1916 செப்டம்பரில் அது பிரான்சில் யுத்தகளத்துக்குப் போயிற்று. பொம்மைத் துப்பாக்கி ஏந்திய கூட்டம் அந்த ஹோட்டல் வாசலில்தான் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தது. பக்கத்துக்குப் பக்கம் கதை கிடக்கிற ஊரில் கதையில்லாத உடுப்பு!

நெமோக்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். ஜூல்ஸ் வெர்னின் கடலடிக் கேப்டன். கடற்படைக் கோட்டும் தாடியுமாக ஓர் இளைஞன் அவர்களில் எடுப்பாகத் தெரிந்தான். நெமோ எந்த நாட்டுக்காரன் என்று கேட்டேன். இங்கிலீஷ்காரன்தானே என்றான். 1954-ல் டிஸ்னி எடுத்த படத்தில் ஜேம்ஸ் மேசன் நடித்த நெமோவைத்தான் அவனுக்குத் தெரியும். அந்தப் படத்தில் ஹார்ப்பர் காஃப் வரைந்த, ரிவெட் அடித்த இரும்புக் கப்பல்தான் இன்று நாம் பார்க்கும் ஸ்டீம்பங்க் அலங்காரத்துக்கெல்லாம் தாத்தா. வெர்னின் நாவலிலோ நாட்டிலஸ் கப்பல் நீராவியால் ஓடவில்லை, மின்சாரத்தால் ஓடுகிறது!

நெமோவின் பிறப்பே ஒரு பத்திரிகைக் கதைபோல இருக்கும். ருஷ்ய ஆட்சியை எதிர்த்துக் கிளம்பிய போலந்துக்காரனாக அவனைச் சிருஷ்டிக்கத்தான் வெர்ன் முதலில் நினைத்தார். ருஷ்யாவில் புத்தகம் விற்க வேண்டுமே என்று பதிப்பாளர் ஹெட்ஸெல் தடுத்தார். ஆகவே நெமோவுக்குத் தேசமே இல்லாமல் போயிற்று. சில வருஷம் கழித்து, 1875-ல் முடிந்த ‘மர்மத் தீவு’ நாவலில்தான் ரகசியம் வெளிவருகிறது. அவன் பெயர் டக்கார், புந்தேல்கண்டு ராஜாவின் மகன், திப்புவின் உறவு, 1857 எழுச்சியில் போராடி, மனைவி மக்களைப் பறிகொடுத்துக் கடலுக்குள் போனவன். அவன் இறக்கிற தீவுக்கு நாவலில் என்ன பெயர் தெரியுமோ? லிங்கன் தீவு. இந்த நகரத்தை வைத்து அல்ல, அமெரிக்க ஜனாதிபதியை வைத்து வந்த பெயர்தான். இருந்தாலும் அந்த இளைஞனிடம் சொன்னபோது அவன் கண் அகன்றது.

வெர்னையும் தூக்கிவைத்துப் பேச எனக்கு உத்தேசமில்லை. ஐந்து வருஷம் கழித்து 1880-ல் அவரே ‘நீராவி வீடு’ என்று ஒரு நாவல் எழுதினார். கல்கத்தாவிலிருந்து வெள்ளைக்காரர்கள் சிலர் ஒரு நீராவி யானையை ஏவி, அதன் பின்னால் சக்கரம் வைத்த வீடுகளைக் கட்டி இழுத்துக்கொண்டு இமயமலை அடிவாரத்துக்கு உல்லாசப் பிரயாணம் போகிறார்கள். அதில் 1857-ன் நானா சாகிப்தான் வில்லன். கடைசியில் யானையின் பாய்லர் வெடிக்கிறது. ஒரே எழுச்சி, ஒரு புத்தகத்தில் அது மகாபுருஷனைத் தருகிறது, இன்னொன்றில் அரக்கனைத் தருகிறது. யானைதான் பிழைத்துக்கொண்டது. வெர்ன் பிறந்த நாந்த் நகரத்தில் 2007 முதல் பன்னிரண்டு மீட்டர் உயரத்துக்கு மரமும் எஃகுமாக ஒரு யந்திர யானை ஜனங்களை ஏற்றிக்கொண்டு நடக்கிறது. துதிக்கையால் தண்ணீரையும் பீச்சுகிறது. அதன் முட்டியும் மூட்டும் எப்படி மடிகின்றன என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதைக் கலை என்பேன், சக்கரம் சுழல்கிறது.

உடுப்பு உறங்கினாலும் எழுத்து உறங்கிவிடவில்லை. நிசி ஷால் என்ற கறுப்பின எழுத்தாளர் ‘எவர்ஃபேர்’ (2016) நாவலில் பெல்ஜியம் அரசன் லியோபோல்டு காங்கோவில் ரப்பருக்காக நடத்திய கொடுமையை எடுத்துக்கொண்டு, அங்கே நீராவியும் ஆகாயக் கப்பலும் அடிமைப்பட்டவர்கள் கையில் கிடைத்திருந்தால் என்று எழுதினார். பாத்திரங்கள் அதிகம், வருஷங்கள் தாவித் தாவிப் போகின்றன, யாரோடும் நின்று பழக நேரமில்லை. இருந்தாலும் கை வெட்டப்பட்டவனுக்கு யந்திரக் கை பொருத்தப்படும் இடத்தில் பித்தளைக்கு ஓர் அர்த்தம் கிடைத்துவிடுகிறது. தென்கிழக்காசியக் கதைகளைத் திரட்டி 2015-ல் ‘கடல் நம்முடையது’ என்ற அர்த்தத்தில் ஒரு தொகுதியும் வந்தது. லிங்கனில் இரண்டையும் கேட்டேன். கடைக்காரர் மிகவும் மரியாதையாக, வரவழைத்துத் தருகிறேன் என்றார்.

அவரிடம் ‘மர்மத் தீவு’ இருந்தது. தோல் போன்ற அட்டை, ஓரமெல்லாம் தங்கப் பூச்சு, முகப்பில் தவறாமல் ஒரு பல்சக்கரம். நெமோ தன் கதையைச் சொல்லும் இடத்தைப் புரட்டிப் பார்த்தேன். பயந்தபடியே இருந்தது. 1875-ல் கிங்ஸ்டன் பெயரில் வந்த பழைய மொழிபெயர்ப்பு. ஆங்கில ஆட்சிக்கு எதிராக வெர்ன் எழுதியதை ஆங்கில வாசகர் மனம் நோகாதபடி மாற்றியே எழுதிவிட்டார்கள் அதில். இங்கிலீஷில் படித்தவர்களில் பல தலைமுறைகளுக்கு அந்த நெமோதான் கிடைத்தான். மூலத்துக்கு விசுவாசமான புதிய மொழிபெயர்ப்பு 2001-ல் வந்திருக்கிறது.

நெமோ வேஷக்கார இளைஞனும் அங்கே வந்து சேர்ந்தான். விஷயத்தைச் சொன்னேன். அக்கறையாகக் கேட்டான். புதிய மொழிபெயர்ப்பின் பெயரையும் வருஷத்தையும், புந்தேல்கண்டு என்பதற்கு எழுத்துக் கூட்டி, முழங்கைக் காப்பில் செருகியிருந்த சிறு நோட்டில் எழுதிக்கொண்டான். பிறகு அந்தத் தங்கப் பூச்சுப் புத்தகத்தையே விலை கொடுத்து வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். கோட்டுக்கு எடுப்பாக இருந்தது.